உடனேயோ, பின்னரோ

சி மொழியில் எழுதப்பட்ட ஒரு லைப்ரரியின் கையேட்டில் ஒரு வாக்கியம் உண்டு. பல ஆண்டுகளாக அதற்குத் திரும்பத் திரும்பப் போய்வருகிறேன். ஒரு பெயரைக் கொடுத்து அதன் ஐபி முகவரியைக் கேட்கும் ஃபங்ஷனுக்கான பக்கத்தில் வருவது அது. கேள்வி நிறைவேறுவதோ தோற்பதோ உடனேயோ நடக்கும், பின்னர் நீங்கள் இன்னின்ன மூன்று ஃபங்ஷன்களில் ஒன்றை அழைக்கும்போதோ நடக்கும். இவ்வளவுதான் அதன் சாரம். ஓர் அடைமொழி கிடையாது, எச்சரிக்கைப் பெட்டி கிடையாது. விளக்கத்தின் முதல் பத்தியிலேயே, போகிற போக்கில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

நம் பழைய உரையாசிரியர்கள் ஓர் ஓகாரத்தைக் கண்டால் சும்மா கடந்துபோகமாட்டார்கள். அது வினாவா, ஐயமா, தெரிநிலையா, பிரிநிலையா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த சீருக்குப் போவார்கள். அந்தப் பழக்கத்தோடு இந்த வாக்கியத்தை அணுகினால், ‘உடனேயோ, பின்னரோ’ என்பதிலுள்ள இரண்டு ஓகாரமும் எழுதியவரின் ஐயத்தைச் சொல்லவில்லை என்பது தெரியும். இரண்டுமே நடக்கும் என்பது அவருக்கு உறுதியாகத் தெரியும். ஐயத்தை அவர் நம்மிடம் ஒப்படைக்கிறார். எந்த முறை எது நடக்கும் என்று நம்பி எழுதாதே, இரண்டுக்கும் இடம் வைத்து எழுது என்கிறார்.

லைப்ரரியின் பெயர் சி-ஏரிஸ். 1998-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் கிரெக் ஹட்சன் ‘ஏரிஸ்’ என்ற பெயரில் எழுதியதை, 2000-களின் தொடக்கத்தில் சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் தம்முடைய ‘கர்ல்’ திட்டத்துக்காகக் கிளைபிரித்து வளர்த்தார். இன்று கர்ல் தவிர நோட் ஜேஎஸ், ஜிஆர்பிசி, வயர்ஷார்க் எனப் பலவற்றின் அடியிலும் இது ஓடுகிறது. டிஎன்எஸ் சர்வர்களிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கித் தருவதுதான் இதன் வேலை. அதைக் காத்திருக்க வைக்காமல் செய்யும் என்பதே இதன் சிறப்பு. யுனிக்ஸில் காலங்காலமாக இருந்துவரும் ‘கெட்-ஹோஸ்ட்-பை-நேம்’ ஃபங்ஷனை அழைத்தால், பதில் வரும்வரை நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆயிரம் இணைப்புகளை ஒற்றை இழையில் பார்த்துக்கொள்ளும் நிரலுக்கு அது பெருங்கேடு. சி-ஏரிஸில் உள்ள அதே பெயர் ஃபங்ஷன், ‘ஏரிஸ்’ என்ற முன்னொட்டோடு (இதன் எல்லா ஃபங்ஷன்களுக்கும் அந்த ஒட்டு உண்டு, இனி அதை விட்டுவிட்டே எழுதுகிறேன்), கேள்வியைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். பதில் கிடைத்ததும், நாம் முன்கூட்டியே கொடுத்துவைத்த ஃபங்ஷனை, அதாவது கால்பேக்கை, அழைக்கும்.

அந்த ஃபங்ஷனின் அறிவிப்பு வரியைப் பார்த்தால் அது திருப்பித் தருவது ‘வாய்டு’, அதாவது ஒன்றுமில்லை. சி மொழியின் அறிவிப்பு வரி இது முழு எண், இது எழுத்துச்சரம், இது பாயிண்டர் என்று வகைகளைச் சொல்லும். காலத்தைச் சொல்லாது, உடைமையையும் சொல்லாது. கால்பேக் எப்போது அழைக்கப்படும், அதன் கையில் வந்து விழும் நினைவகம் யாருடையது, அதை விடுவிப்பது யார் பொறுப்பு என்பவற்றை எழுத அந்த மொழியில் எழுத்தே கிடையாது. ஒழுங்காக வரிசையில் ஓடும் லைப்ரரி என்றால் இந்தக் குறையோடு ஓரளவு காலம் தள்ளலாம். இங்கே முடியாது. மொழி விட்ட இடத்தைக் கையேட்டின் உரைநடைதான் நிரப்பியாக வேண்டும். அதனால்தான் இந்தப் பக்கங்களைத் துணைநூலாக நான் கருதுவதில்லை. லைப்ரரியின் பாதி இவற்றில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

‘உடனே’ என்பதன் கனத்தை நான் கற்றுக்கொண்டது ஒரு சிறிய நிரலில். ஒரு கோப்பில் உள்ள நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு முகவரி தேடும் நிரல் அது. ஒவ்வொரு கேள்வியையும் போட்டுவிட்டு, நிலுவைக் கணக்கில் ஒன்றைக் கூட்டுவேன். கால்பேக் வரும்போது ஒன்றைக் கழிப்பேன். கணக்குப் பூஜ்யமானால் வேலை முடிந்தது. வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் அந்தக் கோப்பின் முதல் வரியில் பெயருக்குப் பதிலாக எண்முகவரி ஒன்று வந்து சேர்ந்தது. எண்முகவரிக்கு எந்தச் சர்வரிடமும் கேட்க வேண்டியதில்லை. லைப்ரரி விடையைத் தானே செய்து, என் அழைப்பு திரும்புவதற்கு முன்பே கால்பேக்கை அழைத்துவிட்டது. கணக்கு முதலில் கழிந்தது, பிறகுதான் கூடியது. கழிந்த கணத்தில் அது பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது, நிரலின் முடிவைத் தீர்மானிக்கும் வரி குழம்பிப்போனது. கணினியிலேயே உள்ள ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் பெயர் எழுதப்பட்டிருந்தாலும் இதே கதைதான். கூட்டும் வரியை அழைப்புக்கு மேலே தூக்கி வைத்ததும் சரியாயிற்று. ஒரு வரியை ஒரு வரி மேலே நகர்த்தியதுதான் திருத்தம். அதற்கான காரணம் கையேட்டின் அந்த ஒற்றைச் சொல்லில், நான் பிறப்பதற்கு முன்பே எழுதி வைத்ததுபோல, காத்துக்கொண்டிருந்தது.

‘பின்னர்’ என்பதையும் அந்த வாக்கியம் அந்தரத்தில் விடவில்லை. ‘ப்ராசஸ்’, ‘டெஸ்ட்ராய்’, ‘கேன்சல்’ என்ற மூன்று ஃபங்ஷன்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தப் பட்டியலில் ஓர் உறுதிமொழி ஒளிந்திருக்கிறது. இந்த மூன்றுக்கும் வெளியே, நீங்கள் எதிர்பாராத வேளையில், லைப்ரரி உங்கள் தோளைத் தட்டாது. அது தானாக எழுந்து ஓடுவதில்லை. நீங்கள் உள்ளே காலடி வைத்தால்தான் பேசும். முதலில் பதிலைச் செயலாக்குவது, அடுத்து கேள்விகள் எல்லாம் போய்ச் சேரும் சேனலையே அழிப்பது, கடைசியில் கேள்விகளை ரத்துசெய்வது. வாழ்வும் இரண்டு வகைச் சாவும் அடுத்தடுத்து நிற்கின்றன. சாகும் கேள்விக்கும் கால்பேக் உண்டு என்பது சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

அடுத்த பத்தியில் கால்பேக்குக்கு வரும் நான்கு தகவல்களுக்கும் தனித்தனி வாக்கியம். ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. ‘கால்பேக்கின் இன்ன அளபுரு’ என்று தொடங்கி, அது எதைச் சொல்கிறது என்று முடிபவை. படிக்கும்போது சலிப்பு வரலாம். ஆனால் இரவு ஒரு மணிக்குப் பிழை தேடுகிறவனுக்கு இந்த ஒரே அச்சு பெரிய வரம். கண் தேடும் சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் ஒரே இடத்தில் இருக்கும். ஒன்றைக் குறிக்க ஒரே சொல்லைத்தான் பக்கம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அழகுக்காகச் சொல் மாற்றுவது இங்கே குற்றம். மாற்றினால், இது வேறு பொருளோ என்று படிப்பவர் தடுமாறுவார்.

நான்கில் எனக்குப் பிடித்தது மூன்றாவது. கேள்வி நடந்துகொண்டிருந்தபோது எத்தனை முறை காலக்கெடு தவறியது என்ற எண்ணிக்கை அது. பதில் கிடைத்ததா இல்லையா என்பதை இரண்டாவது தகவலே சொல்லிவிட்டது. வெற்றிதான் என்றாலும், எத்தனை முறை கதவைத் தட்டிய பிறகு கிடைத்த வெற்றி என்பதை இது சொல்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நிரலர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. பார்ப்பவருக்கு, முழுதாக விழுவதற்கு முன்னால் தள்ளாடும் சர்வர் இதில் தெரியும். இந்த எண்ணுக்கு ஓர் இடம் ஒதுக்கியவரையும், அதற்கு ஒரு வாக்கியம் எழுதியவரையும் நினைத்துப் பார்க்கிறேன். கேட்பார் இல்லாத தகவலுக்கும் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

நான்காவது தகவல்தான் விடை. முகவரிகள் அடங்கிய கட்டமைப்பைக் காட்டும் பாயிண்டர். அதன் நினைவகத்தைப் பற்றிக் கையேடு சொல்வதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: கால்பேக் அதை விடுவிக்க வேண்டியதில்லை, விடுவிக்க முயலவும் கூடாது. கால்பேக் திரும்பியதும் லைப்ரரியே விடுவித்துக்கொள்ளும். ‘வேண்டியதில்லை’ என்பதோடு நிறுத்தியிருந்தால், விரும்பினால் செய்யலாம் என்று ஒருவர் எடுத்துக்கொள்வார். ‘கூடாது’ என்று மட்டும் சொல்லியிருந்தால், அப்படியானால் நினைவகம் கசியுமே, யார் கவனிப்பார்கள் என்ற கவலை மிஞ்சும். இரண்டையும் சேர்த்து வைத்ததில் ஒன்று பயத்தைப் போக்குகிறது, மற்றது கையைப் பிடிக்கிறது. தொடர்ந்து வரும் காரணம் இரண்டையும் பூட்டிவிடுகிறது. பழந்தமிழில் ‘வேண்டா’ என்பதற்கும் ‘அல்’ சேர்ந்த விலக்கலுக்கும் இடையே இருக்கும் வேறுபாட்டை உணர்ந்தவர்களுக்கு இந்த ஜோடியின் சுவை உடனே பிடிபடும்.

‘கால்பேக் திரும்பியதும்’ என்ற துணைவாக்கியத்தை மட்டும் எடுத்துத் தனியே பாருங்கள். இன்னொரு சட்டம் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கால்பேக்குக்குள் இருக்கும்வரைதான் அந்த விடை உயிரோடு இருக்கும். பாயிண்டரை மட்டும் எங்கேயாவது எழுதி வைத்துக்கொண்டு பிறகு பார்க்கலாம் என்று நினைத்தால், பிறகு பார்க்கும்போது அங்கே வேறு யாரோ குடியிருப்பார்கள். வேண்டியதை நகலெடுத்துக்கொள் என்று கையேடு தனியாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து. இவ்வளவு முக்கியமான விளைவைப் படிப்பவரே உய்த்துணர வேண்டும் என்று விட்டது சிக்கனத்தின் எல்லையைச் சற்றுத் தாண்டியதுதான்.

இனி ‘கேன்சல்’ பக்கம். மொத்தமே ஒரு கைப்பிடி வாக்கியங்கள். சேனலில் நிலுவையிலுள்ள எல்லாக் கேள்விகளையும் ரத்துசெய்யும், ஒவ்வொன்றின் கால்பேக்கையும் ‘ரத்தானது’ என்ற நிலைக்குறியோடு அழைக்கும் என்று தொடங்குகிறது. ஏன் அழைக்க வேண்டும்? ரத்தான கேள்விக்கு எதற்குப் பதில்? கையேடு இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்கிறது. ஒவ்வொரு கால்பேக்கும் தன் பொறுப்பில் வைத்திருக்கும் பொருள்களைத் துப்புரவு செய்துகொள்ள ஒரு வாய்ப்புக் கொடுப்பதற்காக என்கிறது. இறந்தவருக்கும் ஈமக்கடன் உண்டு. அது நடக்காவிட்டால் வீடு தீட்டிலிருந்து வெளிவராது.

அதற்கடுத்த வாக்கியம் என்னைப் பொறுத்தவரை இந்தக் கையேட்டின் மகுடம். அப்படி அழைக்கப்படும் கால்பேக், அந்த நேரத்திலேயே அதே சேனலில் புதிய கேள்வி ஒன்றைப் போட்டால், இப்போது நடந்துகொண்டிருக்கும் ரத்து அந்தப் புதிய கேள்வியைத் தொடாது. இதை எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ரத்து என்றால் எல்லாமே ரத்து என்றுதான் சாதாரணமாக நினைப்போம். ஆனால் தோற்ற கேள்வியை உடனே மறுபடி கேட்பது நிரலர்களின் இயல்பு. ரத்து செய்யும் சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே பட்டியலில் புதியது சேர்ந்துகொண்டே இருந்தால், ரத்தும் மறுகேள்வியும் ஒன்றையொன்று துரத்தி முடிவில்லாமல் ஓடும்.

மூலநிரலில் இதைத் தீர்த்த விதம் அந்த வாக்கியத்தைப் போலவே சுத்தமானது. ‘கேன்சல்’ உள்ளே நுழைந்ததும் நிலுவைப் பட்டியலின் தலையை மாற்றி வைத்துக்கொள்கிறது. பழைய கேள்விகள் எல்லாம் அதன் கைக்குள் உள்ள தற்காலிகப் பட்டியலுக்கு வந்துவிடுகின்றன, சேனலின் பட்டியல் காலியாகிறது. பிறகு கைப்பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக முடிக்கிறது. அந்த இடையில் பிறக்கும் புதிய கேள்வி, காலியான பழைய பட்டியலில் போய்ச் சேர்ந்து பத்திரமாக இருக்கிறது. நுழைந்த கணத்தில் இருந்தவை மட்டுமே ரத்தாகும் என்று மூலநிரலின் குறிப்பும் சொல்கிறது. கையேட்டின் வாக்கியம், மூலநிரலின் குறிப்பு, நிரலின் நடத்தை மூன்றும் ஒரே பொருளை மூன்று உயரத்தில் நின்று சொல்வதைப் பார்க்கும்போது கிடைக்கும் நிறைவு எனக்குக் கதை படிப்பதில்கூட அரிதாகவே கிடைக்கிறது.

‘டெஸ்ட்ராய்’ கொடுக்கும் நிலைக்குறி வேறு. ‘சேனல் அழிகிறது’ என்று அதற்கென்றே ஒன்று. ரத்துக்கும் அழிவுக்கும் ஒரே குறியை வைத்திருந்தாலும் லைப்ரரிக்கு வசதிதான். வேறுபடுத்தியது கால்பேக் எழுதுபவருக்காக. ரத்தானது என்றால் மறுபடி கேட்கலாம். சேனலே அழிகிறது என்றால் கேட்க இடமில்லை, துப்புரவை முடித்துக்கொண்டு ஒதுங்க வேண்டும்.

‘டைம்அவுட்’ என்றொரு ஃபங்ஷன். அடுத்த காலக்கெடு வருவதற்குள் அதிகபட்சம் எவ்வளவு நேரம் தூங்கலாம் என்று சொல்லும். நிரலுக்கு ஏற்கெனவே தனக்கென ஓர் உச்சவரம்பு இருந்தால் அதையும் கொடுக்கலாம், இல்லையென்றால் வெற்றுப் பாயிண்டர் கொடுக்கலாம். விடை எழுத ஓர் இடமும் தர வேண்டும். லைப்ரரியின் காலக்கெடு நம் வரம்புக்கு முன்னால் வந்தால், விடையை நாம் தந்த இடத்தில் எழுதி, அந்த இடத்தின் முகவரியைத் திருப்பித் தரும். வராவிட்டால் நம் வரம்பின் முகவரியையே திருப்பித் தந்துவிடும். எது திரும்பினாலும் அப்படியே, நிரல் காத்திருக்கப் பயன்படுத்தும் ‘செலக்ட்’ அழைப்பில் கொண்டுபோய் வைக்கலாம். இடையில் ‘எனில்’ என்று ஒரு கிளைகூட வேண்டாம். வரம்பே கொடுக்காமல், நிலுவையும் ஏதும் இல்லாமல் இருந்தால், திரும்புவது வெற்றுப் பாயிண்டர். ‘செலக்ட்’டுக்கு அதன் பொருள் ‘எவ்வளவு நேரமானாலும் காத்திரு’. இரண்டு வேறு வேறு கைகள் செய்த கதவும் நிலையும் இடைவெளி இல்லாமல் பொருந்துவதுபோல.

இந்தப் பக்கத்தில் ஒரு சிறு வாக்கியம்: வரம்பும் விடைக்கான இடமும் ஒன்றாகவே இருந்தாலும் தவறில்லை. சி மொழியில் பழகியவர் எவரும் இங்கே ஒரு கணம் நின்றிருப்பார். ஒரே இடத்தைப் படிக்கவும் எழுதவும் கொடுத்தால், படிப்பதற்கு முன்னால் எழுதிவிடுமோ? சோதித்துப் பார்த்தால் இன்று வேலை செய்யும், நாளை மாறலாம். கையேடு எழுத்தில் கொடுத்துவிட்டதால் அது நமக்கு உரிமையாகிவிட்டது. இனி லைப்ரரியைத் திருத்துபவர் அந்த உரிமையை மீற முடியாது. ஒரு மாறியை மிச்சப்படுத்தும் சிறிய சலுகைதான். ஆனால் யாரோ ஒருவர் படிப்பவரின் தயக்கத்தை முன்கூட்டியே கேட்டிருக்கிறார்.

அமைப்புகளை விளக்கும் பக்கம் நீளமானது. பெரும்பகுதி பட்டியல், விரைந்து கடந்துவிடலாம். காலக்கெடு பற்றிய இடத்தில் மட்டும் நிற்க வேண்டும். முதல் முயற்சியில் ஒவ்வொரு சர்வருக்கும் எத்தனை நேரம் கொடுக்கப்படும் என்பது இந்த எண் என்கிறது. பிறகு அடைப்புக்குறிக்குள், முதல் முயற்சிக்குப் பின் கணக்கு இன்னும் சிக்கலாகும், ஆனாலும் இந்த எண்ணுக்கு நேர்விகிதத்தில்தான் இருக்கும் என்கிறது. இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். முழுக் கணக்கையும் கொட்டியிருக்கலாம், மறைத்தும் இருக்கலாம். படிப்பவருக்கு எது போதும் என்று யோசித்து அந்த அளவில் நிறுத்தியிருக்கிறார்கள். நீண்ட காலம் இயல்பளவு 5 நொடியும் 4 முயற்சியுமாக இருந்தது. உள்ளே நடந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தை இரட்டிப்பது. ஒரே சர்வர், அதுவும் பதில் சொல்லாத சர்வர் என்றால் 5, 10, 20, 40 என்று மொத்தம் 75 நொடி. எண்ணைப் பாதியாக்கினால் மொத்தமும் பாதியாகும். கையேடு சொன்ன நேர்விகிதம் அதுதான். சூத்திரம் தெரியாதவருக்கும் அதைக் கொண்டு கணக்குப் போட முடிகிறது, சூத்திரத்தை மாற்றும் சுதந்திரமும் லைப்ரரிக்கு மிஞ்சுகிறது. பின்னாளில் இயல்பளவை 2 நொடிக்கும் 3 முயற்சிக்கும் குறைத்தார்கள்.

‘எக்ஸ்பாண்ட்-நேம்’ பக்கத்துக்கு வருகிறேன். 1987-இல் பால் மொக்கபெட்ரிஸ் எழுதிய ஆர்எஃப்சி 1035, டிஎன்எஸ் செய்தியில் ஒரே பெயர் திரும்ப வந்தால் அதை மறுபடி எழுதாமல், ‘முன்னே இன்ன இடத்தில் பார்’ என்று இரண்டு பைட்டில் சுட்டிவிட இடம் தந்தது. செய்தியின் தலைப்பகுதி 12 பைட். கேட்ட பெயர் அதையடுத்து உட்கார்ந்திருக்கும். அதனால் பதில்களில் ‘12-ஆம் இடத்தைப் பார்’ என்ற சுட்டல் ஓயாமல் வரும். அப்படிச் சுருக்கிய பெயரைப் புள்ளி வைத்த சாதாரணப் பெயராக விரிப்பது இந்த ஃபங்ஷனின் வேலை. பெயர் தொடங்கும் இடத்தைக் கொடுத்தால் போதாதா, முழுச் செய்தியையும் அதன் நீளத்தையும் ஏன் கேட்கிறது? சுட்டல்களைப் பின்தொடர அது தேவை என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொற்றொடர். விரித்த பெயரைத் தந்தபின், சுருங்கிய வடிவத்தின் நீளத்தை ஏன் தனியே தருகிறது? அழைத்தவர் அதைத் தாண்டி மேற்கொண்டு படிப்பதற்காக என்று இன்னொரு சொற்றொடர். ஒவ்வொரு அளபுருவும் தான் ஏன் இருக்கிறேன் என்று தானே சொல்லிக்கொள்கிறது.

பெயரின் ஒரு பகுதிக்குள்ளேயே புள்ளி வந்துவிட்டால்? டிஎன்எஸ் அதைத் தடுக்கவில்லை. பகுதிகளைப் பிரிக்கும் புள்ளியோடு அது குழம்பாமலிருக்க, விரிக்கும்போது அதன் முன்னால் பின்சாய்கோடு போடப்படும். சுருக்கும் திசையில், அதாவது கேள்வியைக் கட்டும்போதும், அந்தச் சாய்கோட்டுக்கு மரியாதை கொடுக்க வேண்டும். கேள்வி கட்டும் ஃபங்ஷன் பல ஆண்டுகளாக ஓரிடத்தில் அதைத் தவறவிட்டிருந்தது. பெயரின் கடைசி எழுத்தே சாய்கோடிட்ட புள்ளியாக இருந்தால், ஒதுக்கும் நினைவகம் ஒரு பைட் குறைந்துபோகும். ஒதுக்கிய இடத்துக்கு வெளியே ஒரே ஒரு பைட் எழுதப்படும், பெரும்பாலும் அதன் மதிப்பு 1. 2016-இல் இந்த ஒற்றைப் பைட்டைப் பிடித்துக்கொண்டு குரோம் ஓஎஸ் கணினியில் ரூட் அதிகாரம்வரை ஏறிப்போகும் வழியை ஓர் ஆய்வாளர் காட்டினார். கூகுள் அதற்கு 1,00,000 டாலர் பரிசு கொடுத்தது. சி-ஏரிஸ் 1.12.0 பதிப்பில் திருத்தம் வந்தது. ஒரு சாய்கோட்டை ஒரு திசையில் நினைத்து மறு திசையில் மறந்ததன் விலை அது. துணைவாக்கியங்களை நான் இவ்வளவு கவனமாகப் படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நினைவகத்தை விடுவிக்கும் ஃபங்ஷன்களின் பக்கங்கள் சிறியவை. அவற்றில் ‘ஃப்ரீ-டேட்டா’ ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. எந்த வகைப் பட்டியலைக் கொடுத்தாலும் வகை கேட்காமல் விடுவித்துவிடும். எப்படித் தெரிகிறது? லைப்ரரி தான் தரும் ஒவ்வொரு பொருளுக்கும் சற்று முன்னால், நம் கண்ணில் படாத இடத்தில், வகையையும் ஓர் அடையாள எண்ணையும் எழுதி வைக்கிறது. பதினாறடிமானத்தில் அந்த எண்ணை எழுதினால் மணி என்று பொருள்படும் ‘பீட்’ என்ற ஆங்கிலச் சொல் வரும். மணி இல்லாத பொருளைத் தொடாமல் திரும்பிவிடும். கையேட்டில் இதெல்லாம் இல்லை. லைப்ரரி தந்ததை மட்டுமே இதனிடம் கொடு என்று சொல்வதோடு அது நிறுத்திக்கொள்கிறது, அது சரியும்கூட. மணியை ஆவணத்தில் எழுதினால் அதை யாராவது தாமே கோக்க முயல்வார்கள்.

இதே துறையில் இயன் ஜாக்சன் எழுதிய ‘ஏடிஎன்எஸ்’ லைப்ரரி வேறு வழியில் போகிறது. அதன் ஃபங்ஷன்களுக்கான விளக்கம் ஹெடர் கோப்பிலேயே குறிப்புகளாக எழுதப்பட்டிருக்கிறது. அறிவிப்பும் உரையும் ஒரே ஏட்டில், மூலமும் காண்டிகையும்போல. அதற்கும் ஒரு சுகம் உண்டு: அறிவிப்பு மாறும்போது கண்முன்னே இருக்கும் குறிப்பை மறப்பது கடினம். ஆனாலும் என் மனம் தனிப்பக்கங்களின் பக்கமே சாய்கிறது. தனிப்பக்கம் எழுதும்போது ஒரு ஃபங்ஷனுக்கு முழு வெளிச்சம் கொடுத்தாக வேண்டும். அதன் தலையில் பெயரோடு ஒரே ஒரு சொற்றொடர், இது என்ன செய்கிறது என்று. அந்தச் சொற்றொடரை எழுத முடியாவிட்டால் ஃபங்ஷனின் வடிவமைப்பிலேயே ஏதோ கோளாறு. நான் எழுதிய இரண்டு ஃபங்ஷன்களை அந்த ஒரு வரியில் சிக்கிய பிறகுதான் நான்காகப் பிரித்தேன்.

2024-இல் வந்த 1.26.0 பதிப்பிலிருந்து, விரும்பினால் லைப்ரரியே தனக்கென ஓர் இழையை ஓட்டிக்கொள்ளும். ‘ப்ராசஸ்’ ஃபங்ஷனை நாம் சுற்றிச் சுற்றி அழைக்க வேண்டியதில்லை. நீங்கள் உள்ளே காலடி வைத்தால்தான் பேசுவேன் என்ற பழைய உறுதிமொழி அப்போது செல்லாமல் போகிறது. பழைய வாக்கியத்தை என்ன செய்திருக்கிறார்கள் என்று ஆவலோடு போய்ப் பார்த்தேன். மூன்று ஃபங்ஷன்களின் பட்டியலை எடுத்துவிட்டு, வலை நிகழ்வுகள் செயலாக்கப்படும்போது என்று அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். ‘உடனே’ அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி சேர்ந்திருக்கிறது: இந்த ஃபங்ஷன் திரும்புவதற்கு முன்பேகூட. என்னுடைய அந்தக் கூட்டல் வரி இடம் மாறியதற்கான காரணம் இப்போது எல்லாருக்கும் தெரியும்படி எழுதப்பட்டுவிட்டது. அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு செய்திகள். கேள்வி கேட்ட இழையிலன்றி வேறோர் இழையிலிருந்தும் கால்பேக் அழைக்கப்படலாம். அழைக்கப்படும்போது சேனல் பூட்டப்பட்டிருக்கும், ஆகவே உள்ளே செய்யும் வேலையைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மற்றக் கேள்விகள் தேங்கிவிடும்.